சிற்றோடையும் சிற்றூர் விளக்கும்

உயர்ந்த இடத்தில் பிறந்த நீர் தாழ்ந்த இடத்தை நாடி ஓடும். இஃது இயற்கையின் நியதி. மழையாகவும் பனியாகவும் மலைமேல் இறங்கிய நீர், பாறையிடுக்கில் ஊறி, ஓடையாய்த் திரண்டு, அருவியாய் வீழ்ந்து, ஆறாய்ப் பெருகிக் கடலைச் சேர்கின்றது. அந்நீரை உழவன் வாய்க்காலில் திருப்பிப் பயிர் வளர்க்கின்றான். புலவன் அதன் எழிலைக் கண்டு பாடுகின்றான். பொறியறிஞன் அது வீழும் விசையைக் கண்டு, அவ்விசையை விளக்கொளியாக மாற்றுகின்றான். மூவருக்கும் நீர் ஒன்றே, நோக்குத்தான் வேறு.

நீரிலிருந்து மின்சாரம் எடுத்தல் என்றவுடன், இரு மலைகளை இணைத்துக் கட்டிய பேரணைகளும், கடல்போல் விரிந்த நீர்த்தேக்கங்களும், வானளாவிய மின்கோபுரங்களுமே மனக்கண்முன் தோன்றும். ஆயினும், நீர்மின்சாரம் பேருருக் கொண்டு பிறக்கவில்லை, சிற்றுருவாகவே பிறந்தது. இங்கிலாந்தின் வடபகுதியில் கிராக்சைடு என்னும் மாளிகையில் வாழ்ந்த ஆம்ஸ்ட்ராங் என்னும் பொறியறிஞர், 1878ஆம் ஆண்டில், தம் தோட்டத்து நீரின் விசையால் ஒரு மின்விளக்கை எரியச் செய்தார். 1882ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஆப்பிள்டன் நகரில், 12.5 கிலோவாட் ஆற்றலே உடைய சிறு நிலையம் ஒன்று ஆற்றங்கரையில் எழுந்தது. 1897ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள டார்ஜிலிங் நகருக்கு ஒளியூட்டச் சித்ராபோங் என்னுமிடத்தில் அமைந்த நிலையத்தின் ஆற்றலும் 130 கிலோவாட்டே ஆகும். பேரணைகள் எல்லாம் பின்னர் வந்தவை.

அந்த டார்ஜிலிங்குக்கு மேற்கே, இமயத்தின் மடியில் நீண்டு கிடப்பது நேபாள நாடு. அங்கே மலைகள் பல. மலைதோறும் ஓடைகள் பல. 1911ஆம் ஆண்டிலேயே தலைநகராகிய காட்மாண்டுவுக்கு அருகில் பர்பிங் என்னுமிடத்தில் 500 கிலோவாட் ஆற்றலுள்ள நீர்மின் நிலையம் அமைந்தது. அரண்மனையில் விளக்கு எரிந்தது. ஆனால், அவ்வொளி மலையூர்களை எட்டவில்லை. பத்து வீடுகள் ஒரு சரிவில் இருக்கும். அடுத்த பத்து வீடுகள் எதிர்ச்சரிவில் இருக்கும். இடையே ஆழ்ந்த பள்ளத்தாக்கு வாய்பிளந்து கிடக்கும். இத்தகைய ஊர்களுக்குத் தலைநகரிலிருந்து மின்கம்பி இழுப்பது எளிய செயலன்று. ஆதலின், அரண்மனை ஒளிபெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் மலையூர்கள் இருளிலேயே இருந்தன.

அவ்வூர்களில் இரவு வந்தால், பிசின் நிறைந்த பைன்மரச் சிம்புகளைக் கொளுத்தி வைப்பர். சற்று வசதியுடையோர் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றுவர். சிம்பின் புகை கண்ணைக் கரிக்கும். மண்ணெண்ணெயோ பல நாள் வழிநடந்து முதுகிற் சுமந்து வரவேண்டிய பொருள். பொழுது புலருமுன்னே பெண்டிர் எழுந்து திரிகையில் சோளமும் கேழ்வரகும் அரைப்பர். காலால் மிதித்து இயக்கும் உலக்கையில் நெல் குற்றுவர். நாள்தோறும் பல நாழிகை இவ்வுழைப்பிலேயே கழியும். அவர்தம் வீட்டுக்குச் சற்றுத் தொலைவில், இரவும் பகலும் இரைந்துகொண்டு ஓடை பாய்ந்து கொண்டிருக்கும். அவ்விரைச்சலுக்குள் ஓர் ஆற்றல் உறங்கிக் கிடந்தது.

அவ்வாற்றலை அவ்வூரார் அறவே அறியாதவர் அல்லர். 'கட்டா' என்னும் நீராலைகளை நேபாள மக்கள் தொன்றுதொட்டே அமைத்து வந்தனர். செங்குத்தாக நிற்கும் ஒரு மரத்தண்டு. அதன் அடியில் மரத்தகடுகள் செருகிய சக்கரம். மேலே ஒரு திரிகைக்கல். சாய்ந்த மரத்தோணி வழியாக வரும் நீர் தகடுகளில் மோதச் சக்கரம் சுழலும், உடன் கல்லும் சுழலும், மாவு உதிரும். ஆனால், அதன் வலிமை ஒரு கிலோவாட்டுக்கும் குறைவானது. மாவரைக்க அது போதும். மற்றைத் தொழில்களுக்குப் போதாது.

இந்நிலையில், காட்மாண்டுவை அடுத்த பாலாஜுவிலும், நாட்டின் தென்பகுதியிலுள்ள புட்வல் நகரிலும் தொழிற்பட்டறைகள் தோன்றின. புட்வலில் 1963ஆம் ஆண்டு தொடங்கிய தொழிற்பயிற்சி நிலையத்திற்கு வித்திட்டவர் நார்வே நாட்டுப் பொறியாளர் ஆட் ஹோப்டன் என்பவர். பொறிகளைக் கொண்டுவந்து கொடுப்பதினும், பொறி செய்யும் கைகளை உருவாக்குவதே மேலானது என்பது அவர் கொள்கை. 1970களில் அத்தகைய பட்டறைகளில் நேபாள இளைஞரே இரும்பை வெட்டி வளைத்து நீர்ச்சுழலிகளைச் செய்யத் தொடங்கினர். முதலில் அவை மாவரைக்கவும், நெல் குற்றவும், எண்ணெய் ஆட்டவுமே பயன்பட்டன. பின்னர், அச்சுழலியுடன் ஒரு சிறு மின்னாக்கியையும் இணைத்தனர். பகலில் மாவரைத்த நீர் இரவில் விளக்கெரித்தது. 100 கிலோவாட்டுக்கு உட்பட்ட இத்தகைய நிலையங்களை நுண்புனல் மின்நிலையங்கள் என்பர். 1996ஆம் ஆண்டில் மாற்று எரியாற்றலை வளர்ப்பதற்கென ஓர் அமைப்பை நேபாள அரசு நிறுவியது. அதன்பின் இந்நிலையங்கள் மலையெங்கும் பல்கின.

ஓர் ஊரார் கூடித் தம் ஓடையிலிருந்து மின்சாரம் பெற எண்ணினால், முதற்கண் செய்யவேண்டுவது யாது? பொறி வாங்குவதா? குழாய் வாங்குவதா? இரண்டும் அல்ல. அளப்பதே முதற்பணி. எவ்வளவு நீர் கிடைக்கின்றது, அஃது எவ்வளவு உயரத்திலிருந்து வீழ்கின்றது என்னும் இவ்விரண்டையும் அளந்தறியாமல் தொடங்கும் முயற்சி, ஆழம் அறியாமல் ஆற்றில் இறங்குவதை ஒக்கும்.

கணக்கு எளியதே. ஒரு நொடிக்குப் பாயும் நீரை லிட்டரில் அளந்து, வீழும் உயரத்தை மீட்டரில் அளந்து, இரண்டையும் பெருக்கி, அதனைப் பத்தால் பெருக்கினால் நீரின் ஆற்றல் ஏறத்தாழ எத்தனை வாட் என்பது விளங்கும். நொடிக்கு 50 லிட்டர் நீர் 40 மீட்டர் உயரத்திலிருந்து வீழுமாயின், அதன் ஆற்றல் 20,000 வாட், அஃதாவது 20 கிலோவாட். ஆனால், அவ்வளவும் மின்சாரமாகக் கைக்கு வாராது. குழாயின் உராய்வில் சிறிது கழியும். சுழலியில் சிறிது கழியும். மின்னாக்கியிலும் கம்பியிலும் சிறிது கழியும். சிறு நிலையங்களில் பாதியளவு மிஞ்சும் என்று கொள்வதே அறிவுடைமை. 20இல் பாதி 10 கிலோவாட். ஊரில் 100 வீடுகள் இருப்பின், வீட்டுக்கு 100 வாட். இதற்குமேல் ஆசைப்படுதல் ஆகாது.

உயரத்தை அளக்கும் முறை வேடிக்கையானது, ஆனால் பிழையற்றது. வீடு கட்டும் கொத்தனார், ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் நீரை நிரப்பி, சுவரின் இருமுனையும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று பார்ப்பதைப் பலரும் கண்டிருப்பர். அதே குழாயே இங்கும் கருவி. ஒருவர் மேலே நிற்பார். மற்றொருவர் அளவுகோலைப் பிடித்துக் கீழே நிற்பார். குழாயின் இருமுனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் அன்றோ? அம்மட்டத்தைக் கொண்டு இருவருக்கும் இடையிலுள்ள உயர வேறுபாட்டைக் குறித்துக் கொள்வர். பின்னர் மேலே நின்றவர் கீழே இறங்குவார். இவ்வாறு படிப்படியாக மலைச்சரிவு முழுவதையும் அளந்து, எல்லாவற்றையும் கூட்டினால், வீழும் உயரம் கிடைத்துவிடும்.

நீரின் அளவை அறியப் பல வழிகள் உண்டு. மிகச் சிறிய ஊற்றாயின், கொள்ளளவு தெரிந்த ஒரு தொட்டியை வைத்து, அது நிரம்ப எத்தனை நொடி ஆகின்றது என்று பார்க்கலாம். சற்றுப் பெரிய ஓடையாயின், நேராக ஓடும் ஒரு பகுதியைத் தேர்ந்து, அதன் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, ஒரு மரக்கட்டையை மிதக்க விட்டு, அது குறித்த தொலைவைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிடலாம். ஆனால், மலையோடையோ கல்லிலும் பாறையிலும் முட்டி மோதிக் கொந்தளித்துப் பாய்வது. அதன் ஆழம் இடத்துக்கிடம் மாறும், வேகமும் மாறும். அதனை எங்ஙனம் அளப்பது?

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது தமிழகத்துப் பழமொழி. வீணாகப் போகும் பொருளையும் கணக்கின்றிச் செலவிடலாகாது என்பது அதன் கருத்து. மலையோடையை அளக்கும் பொறியாளர் இப்பழமொழியைச் சொல்லுக்குச் சொல் மெய்ப்பித்துக் காட்டுகின்றனர்! அவர்கள் உப்பை நிறுத்து எடுத்து, ஒரு வாளி நீரில் கரைத்து, ஓடையில் ஒரே வீச்சில் ஊற்றுவர். உப்பு கலந்த நீரில் மின்சாரம் எளிதிற் பாயும். ஆதலின், ஊற்றிய இடத்திற்குச் சற்றுக் கீழே ஒரு கருவியை நீரில் அமிழ்த்தி, மின்கடத்துந் திறன் நொடிக்கு நொடி எவ்வாறு ஏறி இறங்குகின்றது என்று குறிப்பர். ஓடையில் நீர் மிகுந்திருந்தால் உப்பு மிகவும் நீர்த்துவிடும், ஏற்றம் சிறிதாகும். நீர் குறைந்திருந்தால் உப்பு செறிந்து நிற்கும், ஏற்றம் பெரிதாகும். அவ்வேற்ற இறக்கத்தையும் உப்பின் எடையையும் கொண்டு, ஓடையில் எத்தனை லிட்டர் நீர் பாய்கின்றது என்று கணித்துவிடுவர். அளந்து போட்ட உப்பு ஆற்றையே அளந்து தருகின்றது. இதனினும் சிறந்த விளக்கம் அப்பழமொழிக்கு வேண்டுமோ?

அளக்கும் முறை போன்றே அளக்கும் காலமும் இன்றியமையாதது. ஆவணித் திங்களில் மழை பொழிந்து ஓடை பொங்கி வருங்கால் அளப்போர், அதனைக் கண்டு மயங்குவர். நொடிக்கு 100 லிட்டர் நீர் பாய்வதாக ஏட்டில் எழுதுவர். முன்னே சொன்ன 40 மீட்டர் உயரத்திற்கு 20 கிலோவாட் பொறியை வாங்குவர். பங்குனி வரும், ஓடை மெலியும், 30 லிட்டர் நீரே பாயும். அப்போது 20 கிலோவாட் பொறி 6 கிலோவாட்டும் தரமாட்டாது. விளக்குகள் மங்கும், ஆலை நின்றுபோகும். வங்கியில் வாங்கிய கடனோ மங்காது. அதன் வட்டியும் நில்லாது. ஆடு விற்றும் அணிகலன் விற்றும் பங்குப்பணம் கொடுத்த ஏழை மக்களின் நம்பிக்கை உடைந்துபோகும். ஓர் எண் தவறாக எழுதப்பட்டதன் பயன் இது. ஆதலின், ஆண்டில் 11 மாதமேனும் குறையாமல் கிடைக்கும் நீரையே கணக்கிற் கொள்ளவேண்டும் என்பது நேபாளத்தில் கொண்ட நெறி. அதற்குக் கோடையில் அளக்கவேண்டும். ஓடைக்கரையில் வாழ்ந்து முதிர்ந்த பெரியோரிடம், 'மிக வறண்ட ஆண்டில் நீர் எந்தக் கல்வரை நின்றது?' என்றும் கேட்டறிய வேண்டும். ஓடையின் உண்மையான வலிமையை அறிவிப்பது அதன் பெருக்கன்று, அதன் வறட்சியே.

அளந்தபின் எழுவது உரிமை பற்றிய வினா. ஓடை மின்சாரத்திற்கு மட்டும் உரியதன்று. மேலூரார் அதில் குடிநீர் எடுப்பர்; கீழூரார் வயலுக்குப் பாய்ச்சுவர். சுழலியைச் சுழற்றிய நீர் குறைவின்றி மீண்டும் ஓடையையே சேரும் என்பது உண்மையே. எனினும், நீரைத் திருப்பும் இடத்திற்கும் அது திரும்பவந்து சேரும் இடத்திற்கும் நடுவே ஓடை வறண்டு கிடக்கும் அன்றோ? அங்கே வயல் உடையோர் நிலை என்னாவது? மீன்கள் நிலை என்னாவது? 1992ஆம் ஆண்டில் நேபாளம் இயற்றிய நீர்வளச் சட்டம், குடிநீருக்கு முதலிடமும், பாசனத்திற்கு இரண்டாம் இடமும், கால்நடை, மீன்வளம் முதலியவற்றிற்கு மூன்றாம் இடமும் தந்து, நீர்மின்சாரத்தை நான்காம் இடத்தில் நிறுத்தியது. சோறும் நீரும் முன்னர்; விளக்குப் பின்னர். ஆதலால், நாற்று நடும் காலத்தில் பகலில் நீரை வயலுக்கு விட்டு, இரவில் மட்டும் பொறியை ஓட்டுவது போன்ற உடன்பாடுகளை ஊரார் முன்கூட்டியே கூடிப் பேசி எழுதிக் கொள்ளுதல் நன்று. பேசாது விட்ட பூசல், பொறி ஓடத் தொடங்கிய பின் மண்வெட்டியோடு வந்து நிற்கும்.

இனிக் கட்டுமானப் பணியைக் காணலாம். ஏரியும் கால்வாயும் கண்டு பழகிய தமிழருக்கு இப்பணியில் புதுமை மிகுதியாக இல்லை. ஓடையின் குறுக்கே சிற்றணை ஒன்று அமையும். இது நீரைத் தேக்குவதற்கன்று, திருப்புவதற்கே. அதன் ஓரத்தில் மதகு இருக்கும். மதகின் வழியே புகும் நீர், மலையின் இடுப்பைச் சுற்றி வெட்டிய கால்வாயில் மெல்லச் செல்லும். கால்வாயின் சரிவு அளவோடு இருத்தல் வேண்டும். 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் என்பது போன்ற மென்சரிவே போதும். சரிவு மிகுந்தால் நீர் கரையை அரிக்கும். குறைந்தால் மண் படிந்து கால்வாய் தூர்ந்துபோகும். மழைநாளில் மிகுந்து வரும் நீரை வெளியேற்ற ஆங்காங்கே கலிங்குகள் வேண்டும். கலிங்கில்லாத கால்வாய் ஒருநாள் மலைச்சரிவையே இடித்துக் கீழே தள்ளிவிடும்.

கால்வாயின் வழியில் வண்டல் தொட்டி ஒன்று கட்டுவர். அகன்ற அத்தொட்டியில் நீரின் வேகம் தணியும். அதனுடன் வந்த மணல் அடியில் தங்கும். மணல் கலந்த நீர் விசையோடு பாய்ந்தால் இரும்பையும் அரம்போல் அராவிவிடும். கால்வாயின் முடிவில், மலைச்சரிவின் உச்சியில், முகத்தொட்டி என்னும் மற்றொரு தொட்டி உண்டு. அதன் வாயிலுள்ள கம்பிச் சல்லடை இலையையும் சுள்ளியையும் தடுத்து நிறுத்தும். அங்கிருந்து நீர் அழுத்தக் குழாயில் இறங்கும். குழாய் குறுகலாயின் உராய்வு மிகுந்து ஆற்றல் வீணாகும். மிக அகன்றதாயின் பணம் வீணாகும். அக்குழாய் நழுவாதபடி ஆங்காங்கே கற்காரைத் திண்டுகளில் பிணித்திருப்பர். அதன் அடைப்பைச் சட்டென்று மூடலாகாது. மூடினால், விரைந்துவந்த நீர் சம்மட்டிபோல் அறைந்து குழாயைப் பிளந்துவிடும். மெல்லத் திறந்து மெல்ல மூடுவதே முறை.

குழாயின் அடியில் உள்ளது மின்னிலையம். பெரும்பாலும் அது கல்லால் கட்டிய ஒரு சிறு வீடே. அதனுள்ளே இருப்பது டர்பைன் எனப்படும் நீர்ச்சுழலி. உயரம் மிகுந்து நீர் குறைந்த இடத்திற்கு ஏற்றது பெல்டன் சக்கரம். கலிபோர்னியாப் பொற்சுரங்கப் பகுதியில் பணியாற்றிய லெஸ்டர் பெல்டன் என்பவர் 1880ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தின் விளிம்பில் இரட்டை அகப்பைகள் வரிசையாக நிற்கும். ஊசிபோல் பீறிட்டு வரும் நீர், அவற்றின் நடுமேட்டில் பட்டு இருபுறமும் பிரிந்து திரும்பும்போது தன் விசை முழுவதையும் சக்கரத்திற்குக் கொடுத்துவிடும். உயரம் நடுத்தரமான இடத்திற்கு ஏற்றது குறுக்குப் பாய்ச்சல் சுழலி. ஆஸ்திரேலியராகிய மிச்செல் 1903ஆம் ஆண்டில் இதற்கு உரிமை பெற்றார்; அங்கேரி நாட்டுப் பாங்கி என்பவரும் இதனை ஆராய்ந்து வளர்த்தார். உருளை வடிவான இதனுள் நீர் தகடுகளின் வழியே ஒருமுறை புகுந்து, மறுமுறை வெளிப்பட்டு, இருமுறை விசை தரும். வார்ப்பாலை இல்லாத சிறு பட்டறையிலும் இதனைச் செய்யலாம். ஆதலின் நேபாளத்தில் இது பெரிதும் பரவியது.

சுழலியோடு இணைந்த மின்னாக்கி பெரும்பாலும் நிமிடத்துக்கு 1500 சுற்று வீதம் சுழலவேண்டும். ஊரார் பலர் ஒரே நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டால், சுமை குறைந்து சுழலி வெறிகொண்டதுபோல் ஓடும். மின்னழுத்தம் உயர்ந்து எஞ்சிய விளக்குகள் கருகிவிடும். இதனைத் தடுக்க ஒரு மின்னணுக் கருவி உண்டு. ஊரார் பயன்படுத்தாத மின்சாரத்தை அது, நீரில் அமிழ்த்திய வெப்பக் கம்பிகளுக்குத் திருப்பிவிடும். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் மின்னாக்கி தாங்கும் சுமை மாறாது. ஆதலின் அதன் வேகமும் மாறாது.

இவற்றையெல்லாம் மலைமேல் கொண்டு சேர்ப்பது யார்? வண்டி செல்லாத ஊர்களில் மனிதத் தோள்களே வண்டிகள். அழுத்தக் குழாயைத் தோளில் ஏந்தத்தக்க துண்டுகளாக அறுத்து அனுப்புவர். மின்னாக்கியை மூங்கிற் கழிகளில் கட்டிப் பலர் கூடித் தூக்கிவருவர். வீட்டுக்கு ஒருவர் வந்து கால்வாய் வெட்டுவர். பெண்டிர் கல்லும் மணலும் சுமப்பர். அரசின் உதவித்தொகையும் வங்கிக் கடனும் ஒருபுறம். ஊராரின் உழைப்பு மறுபுறம். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அவ்வாறே ஊர் கூடி மலைமேல் ஒளியை இழுத்து வருகின்றது.

விளக்கு எரிந்த நாளோடு வேலை முடிந்துவிடுவதில்லை. உண்மையில் அன்றுதான் அது தொடங்குகின்றது. வீட்டுக்கு 100 வாட் என்பது ஊரார் உடன்பாடு. எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் 100 வாட் என்பது சிறிய பங்கன்று. பல விளக்குகளுக்கும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்கும் போதுமானது. ஆனால், 1000 வாட் இழுக்கும் சூடேற்றி ஒன்றை ஒருவன் மறைவாக இணைத்தான் என்று வைத்துக்கொள்வோம். பத்து வீட்டின் பங்கை அவன் ஒருவனே விழுங்குகின்றான். ஊர் முழுவதும் விளக்குகள் மங்குகின்றன. படித்துக் கொண்டிருக்கும் சிறுவனின் ஏட்டில் எழுத்துத் தெரிவதில்லை. பெருநகரத்தில் ஒருவன் அளவுமீறினால் அது மற்றவர் கண்ணுக்குத் தோன்றாது. சிற்றூரில் அஃது அந்நொடியே ஒவ்வொரு வீட்டிலும் தோன்றும். ஆதலின், பங்கை மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சிறு கருவியை வீடுதோறும் பொருத்துகின்றனர். ஆயினும், அக்கருவியினும் சிறந்த காவல், 'பிறர் பங்கு எனக்கு வேண்டா' என்னும் எண்ணமே.

மாதக் கட்டணமும் அளந்தே குறிக்கப்பட வேண்டும். பொறியைக் காக்கும் இளைஞனுக்கு ஊதியம் தரவேண்டும்; தேயும் உருளைகளையும் அறுபடும் வார்ப்பட்டைகளையும் மாற்றவேண்டும்; எதிர்பாராத இடருக்கெனச் சிறிது சேமிக்கவேண்டும். கட்டணம் மிகுந்தால் ஏழை கொடுக்கமாட்டான். குறைந்தால், பொறி பழுதுற்ற அன்று பெட்டியில் பணம் இராது. சிறிய பழுதொன்றைச் சீர்செய்ய இயலாமல் நின்றுபோன நிலையங்களும் உண்டு. இதனாலேயே, இரவில் விளக்குக்கு மட்டுமன்றிப் பகலில் மாவாலைக்கும் மர அறுவைக்கும் மின்சாரத்தை விற்கும் ஊர்களே நிலைத்து நின்றன. கணக்கேட்டை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுவதும், அக்கூட்டத்தில் ஆடவரோடு பெண்டிரும் சமமாக அமர்வதும் அந்நிலைபேற்றுக்குத் துணையாயின. திரிகையின் சுமையை அறிந்தவர் அவர்களே. ஆலை நின்றால் முதலில் வருந்துபவரும் அவர்களே.

மனிதர் செய்யும் பிழையேயன்றி, இயற்கையின் சீற்றமும் உண்டு. மழைக்காலத்தில் மண் சரிந்து கால்வாயை மூடும். வெள்ளம் சிற்றணையை அடித்துச் செல்லும். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் மின்னிலையங்கள் பல சிதைந்தன. அப்போதும், தம் கையாலேயே கால்வாய் வெட்டிய ஊரார்க்குப் பழுது எங்கே என்று அறியவும், அதனை மீண்டும் கட்டவும் தெரிந்திருந்தது. பிறர் கட்டிக் கொடுத்ததைக் காப்பதினும், தாம் கட்டியதைக் காப்பது எளிது.

சிறியவை ஒன்றுசேர்ந்து வலிமை பெறுவதற்கும் அந்நாடே சான்று தருகின்றது. பாக்லுங் மாவட்டத்தில் அடுத்தடுத்து அமைந்த ஆறு நுண்புனல் நிலையங்களை 2011ஆம் ஆண்டில் ஒரே கம்பியால் இணைத்தனர். ஆறின் ஆற்றலும் சேர்ந்து 107 கிலோவாட். ஓர் ஊரில் குறைந்தால் மற்றோர் ஊரின் மிகுதி அதனை நிரப்பும். பின்னர், அரசின் பெருங்கம்பி மலையூர்களை எட்டியபோது, 'இனி இச்சிறு பொறி எதற்கு?' என்று கேட்டுக் கைவிட்டோரும் உளர். ஆனால், நுவாகோட் மாவட்டத்தில் 23 கிலோவாட் ஆற்றலுள்ள சிறு நிலையம் ஒன்றை 2018ஆம் ஆண்டில் அப்பெருங்கம்பியோடு இணைத்தனர். அதுவரை நாட்டின் மின்சாரத்தை எதிர்நோக்கியிருந்த சிற்றூர், நாட்டுக்கே மின்சாரம் விற்கும் ஊராயிற்று. சிறுமை என்பது அளவில் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இங்ஙனம் நோக்கின், சிற்றோடையிலிருந்து விளக்கொளி பெறும் வழி முழுவதும் அளவறிதலே என்பது விளங்கும். மலையின் உயரத்தை அளக்கவேண்டும். நீரின் மெலிவை அளக்கவேண்டும். கால்வாயின் சரிவையும், குழாயின் அகலத்தையும், கட்டணத்தின் பாரத்தையும் அளக்கவேண்டும். இறுதியாக, ஒவ்வொருவரும் தத்தம் ஆசையையும் அளந்துகொள்ள வேண்டும். முன்னவற்றை அளக்கக் கோலும் குழாயும் உப்பும் உண்டு. ஆசையை அளக்கும் கருவி அவரவர் நெஞ்சமே. அதனைச் செம்மையாகப் பிடித்த ஊரில், பங்குனித் திங்களின் மெலிந்த ஓடையும் நூறு வீட்டு விளக்குகளை எரித்துக்கொண்டு அமைதியாக ஓடும்.